மிதித்தால் அடிவரை போகும் பெடல்

பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் எத்தனை முறை காற்று எடுத்தாலும் பிரேக் சரியாகவில்லையா? குற்றவாளி பல நேரங்களில் காற்றே அல்ல.

மிதி. பிடி. விடு. நாட்டின் எந்த மூலையில் உள்ள ஒர்க்ஷாப்பிலும், அந்தந்த ஊர் மொழியில், கேட்கக்கூடிய மூன்று சொற்கள் இவை. வண்டிக்கு அடியில் மெக்கானிக் ஸ்பேனருடன் படுத்திருப்பார். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கும் உதவியாளர் சொன்னபடி பெடலை மிதித்துக்கொண்டிருப்பார். ரப்பர் குழாய் வழியே பிரேக் ஆயில் ஒரு பழைய பாட்டிலில் குமிழியிட்டபடி இறங்கும். 'பிளீடிங்' என்றும் 'ஏர் எடுப்பது' என்றும் சொல்லப்படும் இந்த வேலை ஒரு மணி நேரத்தில் முடியவேண்டியது. பழைய கார்களில் அது சில சமயம் இரண்டு நாள் நீளும். மூன்று டின் ஆயில் காலியாகும். கடைசியில் பெடல் அதே பஞ்சு மெத்தையாகவே இருக்கும். 'பழைய வண்டி சார், இவ்வளவுதான் வரும்' என்ற தீர்ப்போடு சாவி கைக்கு வரும்.

அந்தத் தீர்ப்பை ஏற்கக்கூடாது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள கார், ஒழுங்காக இருந்தால், காலுக்கடியில் செங்கல் வைத்தது போலக் கெட்டியான பெடலைத் தரும். தரவில்லை என்றால் எங்கோ ஒரு பழுது இருக்கிறது. கண்டுபிடிக்கக்கூடிய பழுது.

இதெல்லாம் இனி யாருக்கு வேண்டும் என்ற கேள்வி எழலாம். மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. மும்பை குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே விடைபெற்றுவிட்டது. அந்த நகரின் கறுப்பு-மஞ்சள் டாக்ஸிகளில் கடைசியாகப் பதிவான பத்மினியும் 20 ஆண்டு வயது வரம்பை எட்டி, 2023 அக்டோபரில் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றது. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸிகளை 15 ஆண்டு வரம்பு ஒவ்வொன்றாக விழுங்கி வருகிறது. ஆனால் வீட்டு ஷெட்டுகளில் தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கும் கார்களின் கதை வேறு. அப்பா வாங்கியது, தாத்தா ஓட்டியது என்று அவற்றைப் புதுப்பிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 50 வயது கடந்த வண்டிகளுக்கு 'விண்டேஜ்' என்ற தனிப் பதிவுமுறையையே மத்திய அரசு 2021ல் கொண்டுவந்துவிட்டது. பெயிண்டுக்கும் சீட் உறைக்கும் தாராளமாகச் செலவழிக்கும் இவர்களில் பலர், பிரேக்கை மட்டும் 'ஓட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்' என்று கடைசிக்குத் தள்ளுகிறார்கள்.

அங்கேதான் ஆபத்து. பழைய டிரம் பிரேக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஹைட்ராலிக் சுற்று ஒன்றே ஒன்றுதான். ஒரு மாஸ்டர் சிலிண்டர், அதிலிருந்து கிளம்பும் ஒரு குழாய், அது பிரிந்து நாலு சக்கரம். ஒரு சக்கரத்தில் ஒரு ரப்பர் வாஷர் கிழிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். சுற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்று போனாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும்படி அமைக்கவேண்டும் என்று அமெரிக்கா 1968ல் சட்டமே போட்டது. நம் ஊர்ப் பழைய வண்டிகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கைப்பிரேக் ஒன்றுதான் மிச்சம். அதுவும் எத்தனை பழைய கார்களில் வேலை செய்கிறது என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

காற்று ஏன் எதிரி? திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றை முடியும். மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் 1917ல் காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் பிரேக்கின் அடிப்படையே இதுதான். பெடலில் தரும் அழுத்தம் குழாயில் உள்ள திரவத்தின் வழியே அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. குழாயில் எங்காவது காற்றுக் குமிழி இருந்தால், கால் தரும் அழுத்தம் அதைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. அதனால்தான் பெடல் மெத்தென்று ஆனதும் எல்லோருக்கும் முதலில் காற்று மேல் சந்தேகம் வருகிறது. காற்று எடுப்பது சுலபம், செலவு குறைவு என்பதும் ஒரு காரணம்.

பெடல் என்ன சொல்கிறது?

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஓட்டுநர் சீட்டில் உட்கார வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தை யாரும் செலவழிப்பதில்லை.

பெடலை ஒரு முறை மிதித்து, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உடனே இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்து, மறுபடி பாருங்கள். முதல் மிதியில் அடிக்குப் போன பெடல், அடுத்தடுத்த மிதிகளில் மேலே வந்து கல் போல நின்றால், குழாயில் காற்று இருக்க வாய்ப்பு குறைவு. பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிட்டது. வேண்டியது பிளீடிங் அல்ல, அட்ஜஸ்ட்மென்ட். மேலே வந்தாலும் அழுத்தும்போது ஸ்பிரிங் போல் மெத்தென்று இருந்தால், அப்போது காற்றைச் சந்தேகிக்கலாம். நன்றாக மேலே நிற்கும் பெடல், காலை எடுக்காமல் ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டே இருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால், எங்கோ கசிவு. ஆயில் டப்பாவில் அளவு குறைந்தால் கசிவு வெளியே. சக்கரத்தின் உட்புறத்தையும் குழாய் இணைப்புகளையும் பாருங்கள். அளவு குறையவே இல்லை என்றால் கசிவு மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளேயே நடக்கிறது. அதன் ரப்பர் 'கப்' தேய்ந்து, முன்னால் போகவேண்டிய திரவம் பின்னால் நழுவுகிறது. இதற்கு வருஷம் முழுக்கக் காற்று எடுத்தாலும் பயன் இல்லை.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் விஷயம் ஹைட்ராலிக்கே அல்ல. லைனிங்கில் கிரீஸோ ஆயிலோ பட்டிருக்கும், அல்லது வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும்.

இந்த நாலைந்து அறிகுறிகளைப் பிரித்துப் பார்த்தாலே பாதி வண்டிகளில் ஆயில் டின்னைத் திறக்க வேண்டியிருக்காது.

ஷூவை இறுக்கிவிட்டுப் பாருங்கள்

இன்றைய கார்களில் தேய்மானத்துக்கு ஏற்ப பிரேக் தானாகவே சரிசெய்துகொள்ளும். பழைய கார்களுக்கு அந்த வசதி இல்லை. சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை யாராவது ஸ்குரூ டிரைவரோ ஸ்பேனரோ எடுத்து அட்ஜஸ்டரைத் திருப்ப வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்குத் தள்ளக்கூடிய திரவத்துக்கு ஓர் அளவு உண்டு. ஒவ்வொரு ஷூவும் டிரம்மைத் தொடக் கொஞ்சம் கூடுதல் தூரம் போகவேண்டியிருந்தால், எட்டு ஷூக்களுக்குமாகச் சேர்ந்து அந்த அளவு தீர்ந்துபோகும். ஷூ டிரம்மைத் தொடும் முன்பே பெடல் தரையைத் தொட்டுவிடும்.

அனுபவசாலிகள் கையாளும் ஒரு சோதனை இருக்கிறது. செலவு இல்லை; ஜாக்கியும் முட்டுக்கட்டைகளும் போதும். நாலு சக்கரத்தின் அட்ஜஸ்டர்களையும், சக்கரத்தைக் கையால் சுற்ற முடியாத அளவுக்கு இறுக்குங்கள். இரண்டு 'லீடிங் ஷூ' உள்ள முன் சக்கரத்தில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனி அட்ஜஸ்டர் இருக்கும். ஒன்றைத் திருப்பிவிட்டு மற்றதை மறப்பது சர்வ சாதாரணம். எல்லாம் இறுகிய பின் பெடலை மிதியுங்கள். கல் போல நின்றால் குழாய், சிலிண்டர், மாஸ்டர் எதிலும் காற்று இல்லை. பழுது ஷூவிலும் டிரம்மிலும்தான். அப்போதும் மெத்தென்று இருந்தால் மட்டும் ஹைட்ராலிக் பக்கம் போகலாம். அப்படிப் போனாலும் ஷூக்களைத் தளர்த்த வேண்டாம். இறுகிய நிலையிலேயே காற்று எடுத்தால், வீல் சிலிண்டர்களின் பிஸ்டன்கள் நகராது. தள்ளும் திரவம் முழுவதும் நிப்பிள் வழியே வெளியேறி, காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பல முறை தோற்ற பிளீடிங் இந்த ஒரு மாற்றத்தால் ஒரே சுற்றில் முடிந்துவிடுவது உண்டு. பிறகு அட்ஜஸ்டர்களைச் சக்கரம் தடையின்றிச் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்தினால் போதும்.

இறுக்கியபோது கெட்டி, தளர்த்தியதும் மறுபடி பஞ்சு என்றால்? இது புது லைனிங் போட்ட வண்டிகளில் வரும் வியாதி. பழைய டிரம்மில் விழுந்த கோடுகளை நீக்க அதை லேத்தில் கடைகிறார்கள். ஒவ்வொரு முறை கடையும்போதும் டிரம்மின் உள்வட்டம் பெரிதாகிறது. ஷூவின் வளைவோ பழைய அளவிலேயே இருக்கிறது. விளைவு, புது லைனிங் நடுவில் ஒரு கைவிரல் அகலத்துக்கு மட்டும் டிரம்மைத் தொடுகிறது. மேலும் அழுத்தினால் ஷூவே வில் போல வளைகிறது. காலுக்கு இந்த வளைவும் காற்றும் ஒன்றுபோலவே தெரியும். டிரம்மின் உள்ளே சாக்பீஸ் தேய்த்து, மாட்டி, ஒரு முறை பிரேக் பிடித்துக் கழற்றிப் பாருங்கள். லைனிங்கில் சுண்ணாம்பு எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் பிரேக் பிடிக்கிறது. லைனிங்கை டிரம்மின் வட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இன்னும் பழைய ஆட்டோமொபைல் வட்டாரங்களில் இருக்கிறார்கள். கடைந்து கடைந்து மெலிந்துபோன டிரம்மை மட்டும் தூக்கி எறிவதே நல்லது. சூட்டில் அது விரிந்துகொடுக்கும்.

தலைகீழ் நிப்பிள்

வேடிக்கையான பழுது ஒன்று. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடியொற்றிப் பிறந்த அம்பாசடரில், அந்த வம்சத்து மற்ற கார்களைப் போலவே, முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீல் சிலிண்டர்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே. நடுவில் ஒரு சின்ன இணைப்புக் குழாய். காற்று எப்போதும் மேலே ஏறும் என்பதால், அதை வெளியேற்றும் நிப்பிள் மிக உயரமான இடத்தில் இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் பாகங்கள் கண்ணாடிப் பிம்பம் போல மாறும்.

எல்லாவற்றையும் கழற்றி ஒரே தட்டில் போட்டுக் கழுவி, திரும்ப மாட்டும்போது இடது வலதாகி, மேல் கீழாகிவிட்டால், நிப்பிள் அடியில் போய் நிற்கும். இப்போது எவ்வளவு மிதித்தாலும் நிப்பிளிலிருந்து குமிழியே இல்லாத சுத்தமான திரவம்தான் வரும். மெக்கானிக்குக் காற்றே இல்லை என்று தோன்றும். காற்றோ மேல் சிலிண்டரில் சுகமாக உட்கார்ந்திருக்கும். சிலிண்டர்களைப் புதுப்பித்த பிறகு பிரேக் கெட்டது என்றால் முதலில் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டியது இந்த நிப்பிள் இருக்கும் இடத்தைத்தான்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உண்டு. குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். ஆனால் குழாயில் காற்று இருக்காது. தளர்த்திய நிப்பிளின் மரை வழியே வெளிக்காற்று உள்ளே நுழைந்து குழாயில் குமிழியாகத் தெரிகிறது. உறிஞ்சும் பம்ப் வைத்துத் தனி ஆளாகக் காற்று எடுக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். நிப்பிளைத் தேவைக்கு மேல் திறக்காமல், கால் திரும்பி எழும் முன்பே மூடிவிட்டால் இந்தக் குழப்பம் வராது. 'மிதி, பிடி, விடு' என்பதன் முழுப் பொருளும் அந்த 'பிடி'யில்தான் இருக்கிறது. நிப்பிள் மூடியது என்று சொல்லும் வரை கால் பெடலை விடக்கூடாது.

அவசர அவசரமாகப் 'பம்ப்' செய்வதும் தவறு. ஒரு பெரிய குமிழியை நூறு சின்னக் குமிழிகளாக உடைத்து நுரையாக்குவதுதான் அதன் பலன். நிதானமாக மிதிக்க வேண்டும். நுரைத்துவிட்டது என்றால் வண்டியை இரவு முழுக்க அப்படியே விட்டுவிட்டுக் காலையில் தொடர்வது புத்திசாலித்தனம். வரிசையைப் பொறுத்தவரை, மாஸ்டரிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது மரபு. வலது கைப் பக்கம் ஸ்டியரிங் உள்ள நம் கார்களில் அது பின் இடது சக்கரம். பிறகு பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது.

காலுக்கடியில் ஒரு டப்பா

பழைய மாடல்கள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் பானெட்டுக்கு அடியில் இருக்காது. ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மிதியடியைத் தூக்கி, ஒரு சின்ன மூடியைத் திறந்தால்தான் ஆயில் ஊற்றும் வாய் தெரியும். கண்ணில் படாததால் கவனிப்பாரும் இல்லை. மூடியைச் சுற்றி ஐந்து வருஷ மண் சேர்ந்திருக்கும். அதைத் துடைக்காமல் திறந்தால் ஒரு சிட்டிகை மண் உள்ளே விழும்.

அந்த ஒரு சிட்டிகை போதும். மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே, டப்பாவுக்கும் சிலிண்டருக்கும் நடுவே, ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. பெடலை விட்டதும் மிகுதித் திரவம் இதன் வழியேதான் டப்பாவுக்குத் திரும்புகிறது. இது அடைபட்டால் பிரேக் பிடித்தது விடாது. ஓட ஓட டிரம் சூடாகும், திரவம் விரியும், பிரேக் இன்னும் இறுகும். பெடல் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கவேண்டிய, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சந்து இல்லாமல் போனாலும் இதே கதைதான். பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காமல் அந்தத் துளையை மூடிக்கொண்டே நிற்கும். 'பெடல் கீழே போகிறது' என்று தண்டை நீட்டி நீட்டி முறுக்கியே சிலர் இந்த வம்பை விலைக்கு வாங்குகிறார்கள்.

மாஸ்டரின் மறுமுனையில் இன்னொரு சின்னப் பொருள் இருக்கிறது. பழைய டிரம் பிரேக் அமைப்புகளில் திரவம் வெளியேறும் வாயில் ஒரு 'செக் வால்வு' வைத்திருப்பார்கள். பெடலை விட்ட பிறகும் குழாயில் லேசான அழுத்தத்தை இது தக்கவைக்கும். வீல் சிலிண்டர்களின் ரப்பர் கப்புகள் சுவரோடு ஒட்டி நிற்கவும், பெடல் திரும்பும்போது காற்று உள்ளே உறிஞ்சப்படாமல் இருக்கவும் இது வேண்டும். கிட் மாற்றும்போது இந்த வால்வோ அதன் வாஷரோ தட்டிலேயே தங்கிவிட்டால், பெடல் எப்போதும் இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். எத்தனை பிளீடிங் செய்தாலும் மாறாது. மறுபக்கம், பிற்கால அம்பாசடர்களின் டிஸ்க் பிரேக்கைப் பழைய வண்டியின் முன் சக்கரத்தில் மாற்றிப் பொருத்துகிறவர்கள் இந்த வால்வை அப்படியே விட்டால், டிஸ்க்கை 'பேட்' எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

நன்றாக இருந்த மாஸ்டர், காற்று எடுத்த மறுநாள் செத்துப்போவதும் சகஜம். இதற்கும் விளக்கம் இருக்கிறது. பல வருஷமாகப் பெடல் பாதி தூரம் மட்டுமே போய் வந்த சிலிண்டரில், அந்தப் பாதிக்கு அப்பால் துருவும் படிவும் சேர்ந்திருக்கும். காற்று எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால், மென்மையான ரப்பர் கப் அந்த ரம்பப் பல் மேல் தேய்ந்து கிழிகிறது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து அதன் பயணத்தைக் குறைத்துவிட்டால் பழைய மாஸ்டர் பிழைக்கும். புதிய மாஸ்டர் போடுகிறவர்கள், வண்டியில் மாட்டும் முன்பே அதில் திரவத்தை நிரப்பி, பிஸ்டனைத் தள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டால் பாதி வேலை மேஜை மேலேயே முடிந்துவிடும்.

ஆயில் அல்ல, ஆயில் அல்ல

பேரிலேயே விபரீதம் இருக்கிறது. நாம் 'பிரேக் ஆயில்' என்கிறோம். அதில் ஆயிலே கிடையாது. கடையில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் என்ற ரசாயனத்தை அடிப்படையாகக் கொண்டவை. பெயரை நம்பி, அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றியவர்கள் உண்டு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் பாகங்கள் ஊறிப் பெருத்துவிடும். பிரித்த பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவும் நம் ஊர்ப் பழக்கமும் அதே வேலையைச் செய்கிறது. டப்பா மூடியின் ரப்பர் வாஷர் உப்பிக்கிடந்தால் சந்தேகிக்கலாம். ஒரு தம்ளர் தண்ணீரில் சில துளி விட்டுப் பாருங்கள். நல்ல பிரேக் திரவம் தண்ணீரோடு கலந்துவிடும். மேலே படலமாக மிதந்தால் அதில் எண்ணெய் கலந்திருக்கிறது. அப்படியானால் சமரசம் கிடையாது. மாஸ்டர் முதல் கடைசி வீல் சிலிண்டர் வரை, ஹோஸ்கள் உட்பட, எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும். இரும்புக் குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவ வேண்டும்.

தண்ணீரோடு கலக்கும் இந்தக் குணம்தான் மழைக்காலத்தில் எதிரியாகிறது. கொல்கத்தா, மும்பை, கொச்சி போன்ற ஈரக்காற்று வீசும் ஊர்களில் பிரேக் திரவம் மெல்ல மெல்ல ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வீல் சிலிண்டர்கள் உள்ளிருந்தே துருப்பிடிக்கின்றன. கொதிநிலையும் சரிகிறது. புது டாட் 3 திரவம் குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிதான்.

இதன் விளைவு மலைப்பாதையில் தெரியும். ஊட்டியிலிருந்தோ, டார்ஜிலிங்கிலிருந்தோ, கண்டாலா காட் வழியாகவோ பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் பழைய காரில் டிரம் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் திரவத்தில் உள்ள ஈரம் ஆவியாகிக் குமிழியாகிறது. திடீரென்று பெடல் தரைக்குப் போகிறது. வண்டியை எப்படியோ நிறுத்தி, மறுநாள் காலை மெக்கானிக்கிடம் காட்டினால் பெடல் முழு ஆரோக்கியத்தோடு இருக்கும். ஆவி குளிர்ந்து மறுபடி திரவமாகியிருக்கும். பயத்தில் உளறுவதாக நினைப்பார்கள். இதற்கு மருந்து பிளீடிங்தான், ஆனால் காற்றுக்காக அல்ல. பழைய திரவம் முழுவதையும் வெளியேற்றிப் புதியது நிரப்புவதற்காக. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இதைச் செய்யலாம். புதிதாகத் திறந்த டின்னிலிருந்து மட்டும் ஊற்ற வேண்டும். பாட்டிலில் பிடித்த பழையதைத் திருப்பி ஊற்றும் சிக்கனம் வேண்டாம். சிலிக்கான் வகையான டாட் 5 மற்ற திரவங்களோடு கலக்காது, டாட் 5.1 பெயரில்தான் அதற்கு உறவு, குணத்தில் டாட் 4ன் சொந்தம். எதை ஊற்றினாலும் பெயிண்டில் சிந்தவிடாதீர்கள். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்; துடைத்தால் நிறமும் சேர்ந்து வரும்.

பாகங்கள் கிடைப்பது இன்னும் பெரும் கஷ்டம் ஆகிவிடவில்லை. 1962ல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியில் வேரூன்றியது. பிரேக் பாகங்களை உள்நாட்டிலேயே செய்யும் பழக்கம் நமக்கு அறுபது ஆண்டுப் பழையது. மல்லிக் பஜாரிலோ தில்லி காஷ்மீரி கேட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடினால் கிட் கிடைக்கும். ஆனால் 'பழைய ஸ்டாக், ஒரிஜினல்' என்று பெருமையோடு தரப்படும் ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள். இருபது வருஷம் அலமாரியில் இருந்த கப், வண்டியில் ஓடாமலே கிழடாகியிருக்கும். உலோகத்துக்குப் பழைய ஸ்டாக் நல்லது. ரப்பருக்குப் புதியதே நல்லது.

ஹோஸ்களுக்கும் இதே நியாயம். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வயதானால் இரண்டு விதமாக ஏமாற்றும். ஒன்று, மிதிக்கும்போது பலூன் போல உப்பும், பெடல் பஞ்சாகும். ஒருவர் மிதிக்க, மற்றவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, வெளியே பார்க்க நன்றாக இருந்துகொண்டே உள்ளே சுருங்கி அடைத்துக்கொள்ளும். பிரேக் பிடிக்கும், விடாது. நிப்பிளைத் திறந்தால் திரவம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஹோஸ்களை ஒவ்வொன்றாக நெரித்து, எந்தச் சக்கரத்தை அடைத்தால் பெடல் கெட்டியாகிறது என்று கண்டுபிடிக்கும் முறை நல்ல முறைதான். அதற்கென்றே உள்ள உருண்டை முனைக் கிடுக்கி வேண்டும். குறடால் நெரித்தால் நல்ல ஹோஸும் போய்விடும். எப்படியும் மாற்றப்போகிற ஹோஸில்தான் இந்தச் சோதனைக்குத் துணியலாம்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதுவதோ காற்றுக் குழாயால் அடிப்பதோ நம் ஒர்க்ஷாப்புகளில் தினசரிக் காட்சி. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூள் நுரையீரலில் தங்கினால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பி வரலாம். ஈரத் துணியால் துடைத்தெடுப்பதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் நேராகப் பிரதான சாலைக்குப் போகவேண்டாம். பெடலைப் பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் நாலு சக்கரத்தின் உட்புறத்தையும் ஒவ்வோர் இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். கைப்பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். காலி மைதானத்திலோ ஆளில்லாத தெருவிலோ நடை வேகத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பார்த்த பின், ஒவ்வொரு டிரம்மையும் தொடாமல் கையை அருகே கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அது விடவில்லை. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவில்லை. பிறகு டப்பாவில் திரவத்தின் மட்டத்தைக் குறித்துக்கொண்டு வண்டியை ஷெட்டில் விடுங்கள். காலையில் மட்டம் அதே இடத்தில் இருந்து, டயர்களின் உட்பக்கத்தில் ஈரக் கோடு இல்லாமல், முதல் மிதியிலேயே பெடல் கெட்டியாக நின்றால், சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.